பாத் நகரில் மூன்று நாள்: ஏறுவது வண்டியில், இறங்குவது நடையில்

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வசிக்கிறோம். சென்னையிலிருந்து என் மாமனாரும் (72) மாமியாரும் (67) வந்திருக்கிறார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி, கைத்தடியோடுதான் நடக்கிறார். அத்தைக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டார். மகனுக்கு 9 வயது. அக்டோபர் கடைசி வாரப் பள்ளி விடுமுறையில் எல்லோரும் பாத் நகருக்குப் போகலாம் என்று இருக்கிறோம். அங்கே வெந்நீர் ஊற்றில் குளிக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. கணவரோ, காரில் கிளம்பி ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தையும் பாத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். எது சரி? எங்கே தங்குவது, எதை முன்பதிவு செய்வது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் கணவரின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. ரெடிங்கிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் போக ஒன்றேகால் மணி நேரம். அங்கே வரவேற்பு மையத்திலிருந்து கற்கள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. சிறு பேருந்தில் ஏறிப் போய், சுற்றிப் பார்த்துத் திரும்ப இரண்டரை மணி நேரம் போய்விடும். பிறகு பாத் வரை இன்னும் 55 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்கே கிளம்பினாலும், வழியில் சாப்பாட்டையும் ஓய்வையும் சேர்த்தால், பாத் போய் வண்டியை நிறுத்தும்போது மதியம் இரண்டரை ஆகியிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆக, பாத் நகருக்கு வெளிச்சத்தோடு மிஞ்சுவது இரண்டு மணி நேரம், அதுவும் காரில் உட்கார்ந்தே களைத்துப்போன இரு பெரியவர்களோடு. ஸ்டோன்ஹெஞ்சை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாத் நகருக்கு இரண்டு இரவு கொடுங்கள்.

எந்த இரண்டு இரவு என்பதில்தான் பணம் இருக்கிறது. வெள்ளியும் சனியும் லண்டன்காரர்கள் வந்து குவியும் இரவுகள். வாடகை எகிறும், பல இடங்களில் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தரவும் மாட்டார்கள். ஞாயிறு மதியம் போய்ச் செவ்வாய் மதியம் திரும்புங்கள். பள்ளி விடுமுறை என்பதால் மலிவாக இருக்காது, ஆனாலும் வார இறுதியைவிடக் குறையும். நவம்பர் கடைசியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தைக்குத் தள்ளிப்போடலாமா என்று யாராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள். அழகான சந்தைதான், ஆனால் தேவாலயத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் கைத்தடியோடு நகர முடியாது.

கார் வேண்டாம். பாத் நகரில் வாகனப் புகைக்கான கட்டண வளையம் 2021 முதல் இருக்கிறது. சொந்தக் கார்களுக்கு, அவை எவ்வளவு பழசானாலும், அந்தக் கட்டணம் கிடையாது. பழைய மாதிரி டாக்சி, வேன், மினிபஸ்ஸுக்குத்தான். இது தெரியாமல் பயந்து காரைத் தவிர்ப்பவர்கள் உண்டு. நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. நகர நடுவில் நிறுத்த இடம் கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை அதிகம், பேருந்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய தெருக்களில் வழி தவறி நுழைந்தால் கேமரா பிடித்து அபராதம் வீட்டுக்கு வரும். ரெடிங்கிலிருந்து நேர் ரயில் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. நிலையத்தின் பெயர் பாத் ஸ்பா. ஓல்ட்ஃபீல்ட் பார்க் என்று இன்னொரு சின்ன நிலையமும் உண்டு, அது உங்களுக்கு வேண்டாம்.

நான்கு பெரியவர்கள், ஒரு பிள்ளை என்று சொல்லிவைத்தாற்போல் இருக்கிறீர்கள். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு இதே கணக்குக்குத்தான்: நான்கு பெரியவர்கள் வரை மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதம். ஒரு வருடத்துக்கு 35 பவுண்ட் போல வரும். கார்டு உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கட்டும். கார்டுக்காரரும் பிள்ளையும் பயணம் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும். பையனை யாரிடமாவது விட்டுவிட்டு வந்தால் அந்த டிக்கெட் செல்லாது.

இன்னொரு தவறு ரெடிங்வாசிகள் அடிக்கடி செய்வது. லண்டன் பக்கம் போகும்போது வங்கி அட்டையை வாயிலில் தட்டிவிட்டுப் போகிறோமே, அந்தப் பழக்கத்தில் பாத் போகும்போதும் தட்டிவிடுவார்கள். அந்த வசதி ரெடிங்கோடு முடிந்துவிடுகிறது. மேற்கே போகத் தனி டிக்கெட் வாங்கியே ஆக வேண்டும். போகும்போது நேரம் குறித்த அட்வான்ஸ் டிக்கெட் எடுங்கள், அதுதான் மலிவு. ஆனால் அந்த ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட்டும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை காரணமாகப் பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றுவது இந்த நாட்டில் வாடிக்கை. டிக்கெட் எடுக்கும் முன் அந்த ஞாயிறுக்கான அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பேருந்து என்று இருந்தால் திங்கள் முதல் புதன் என்று மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

தங்கும் இடம்

பாத் ஒரு கிண்ணம் மாதிரி. கிண்ணத்தின் அடியில் ஏவன் ஆறு, ரயில் நிலையம், ரோமானியக் குளியலிடம், ஆபி தேவாலயம், பல்ட்னி பாலம் எல்லாம் கிட்டத்தட்ட சமதரையில் இருக்கின்றன. நிலையத்திலிருந்து தேவாலயத்துக்கு ஏழெட்டு நிமிட நடை. சுற்றிலும் விளிம்பு: வடக்கே லான்ஸ்டவுன் மேடு, தெற்கே பேர் ஃபிளாட், கூம் டவுன். முன்பதிவுத் தளங்களில் "மையத்திலிருந்து பத்தே நிமிடம், அருமையான காட்சி" என்று போட்டிருந்தால், காட்சி அருமையாக இருப்பதற்குக் காரணம் அந்த இடம் விளிம்பில் இருப்பது. பத்து நிமிடம் என்பது இறங்கும் கணக்கு. திரும்பி ஏறும்போது உங்கள் மாமாவுக்கு அரை மணி நேரம். ஆகவே ரயில் நிலையத்துக்கும் பல்ட்னி பாலத்துக்கும் குயீன் சதுக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதியை விட்டு வெளியே போகாதீர்கள்.

ஐந்து பேருக்கு ஓட்டல் என்றால் இரண்டு அறை, சில இடத்தில் மூன்று. இரண்டு படுக்கையறை கொண்ட அபார்ட்மென்ட் எடுத்தால் சமையலறையும் சேர்ந்து வரும். ஆனால் இங்கே வாடகைக்கு வருபவை பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டு வீடுகள். லிஃப்ட் வைக்கச் சட்டமும் இடம் கொடுக்காது, சுவரும் இடம் கொடுக்காது. பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். தெருவிலிருந்து படுக்கை வரை மொத்தம் எத்தனை படி? ("தரைத்தளத்துக்குக் கீழ்" என்று போட்டிருந்தால் வாசலில் செங்குத்தான கல்படி இறங்க வேண்டியிருக்கும்.) ஷவர் தரையோடு இருக்கிறதா, அல்லது குளியல் தொட்டிக்குள் ஏறி நிற்க வேண்டுமா? முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தத் தொட்டி விளிம்பு படிக்கட்டைவிட ஆபத்தானது. மூன்றாவது, மதியம் வந்து பெட்டியை வைத்துவிட்டுப் போகலாமா? பெரும்பாலான அபார்ட்மென்ட்களில் மூன்று, நான்கு மணிக்குத்தான் சாவி கிடைக்கும்.

வெந்நீர் ஊற்று: அத்தையின் ஆசை

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். படங்களில் பச்சைத் தண்ணீரும் தூண்களும் ஆவியுமாகத் தெரிகிறதே, அது ரோமன் பாத்ஸ், அருங்காட்சியகம். அதில் யாரும் குளிக்க முடியாது, கை வைக்கவும் கூடாது. தண்ணீர் சுத்திகரிக்கப்படாதது. 1978-இல் இந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி, வெதுவெதுப்பான நீரில் வளரும் அமீபா மூளையைத் தாக்கி இறந்தாள். அதற்குப் பிறகு பொதுமக்கள் குளிப்பது நிறுத்தப்பட்டது. பின்னர் ஆழ்துளை இட்டு, நீரைச் சுத்தம் செய்து, தெர்மே பாத் ஸ்பா என்ற புதிய கட்டடத்தில் 2006-இல் மறுபடி குளியலைத் தொடங்கினார்கள். அத்தை போக வேண்டிய இடம் அதுதான். மாடியில் திறந்தவெளிக் குளம் இருக்கிறது. இருட்டிய பிறகு ஆவி பறக்கும் நீரில் கழுத்தளவு நின்றுகொண்டு தேவாலய கோபுரத்தைப் பார்ப்பது இந்த ஊரில் கிடைக்கும் மிகச் சிறந்த ஒரு மணி நேரம்.

உங்கள் வீட்டுக்கு அதில் இரண்டு சிக்கல். ஒன்று, முதன்மைக் குளியலிடத்தில் 16 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. மகன் போக முடியாது, ஆகவே ஒருவர் அவனோடு வெளியே இருக்க வேண்டும். நீங்களும் அத்தையும் திங்கள் மாலை போங்கள். அந்த நேரம் அப்பாவும் தாத்தாவும் பையனும் வீட்டில் இருக்கட்டும். அவன் நீந்தியே ஆக வேண்டும் என்றால் நார்த் பரேட் சாலையில் நகர விளையாட்டு மையத்தின் நீச்சல் குளம் இருக்கிறது. அது சாதாரணத் தண்ணீர், ஊற்று நீர் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, உடல்நிலை. குளத்து நீர் 33, 34 டிகிரி. அதில் நிற்பது அத்தைக்குப் பெரிய சுமை இல்லை. நீராவி அறைகள் வேறு விஷயம். சூட்டில் ரத்த நாளம் விரியும், அழுத்தம் சரியும், அழுத்த மாத்திரை போட்டவர் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இன்சுலின் போடுகிறவர் என்றால் சூட்டில் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை தாழலாம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துப் போகட்டும். நீராவி அறையை விட்டுவிடுங்கள், குளத்திலும் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வந்து உட்காரட்டும். இரண்டு மணி நேரம்தான் ஒரு முறைக்கு. ஆளுக்கு 40 பவுண்டுக்கு மேல் ஆகும், துண்டும் அங்கியும் செருப்பும் அதிலேயே அடக்கம். நீச்சல் உடை கட்டாயம். புடவையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு இறங்க முடியாது என்பதை அத்தையிடம் ஊரிலேயே பேசிவிடுங்கள், வாசலில் வைத்துப் பேச வேண்டாம். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும். அது சரிதானா என்று பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரோமன் பாத்ஸ்

நேரம் குறித்த டிக்கெட். பெரியவர்களுக்கு 20 முதல் 30 பவுண்ட் வரை நாளுக்கு நாள் மாறும். முன்பே வாங்கினால் குறைவு, வார நாளில் குறைவு. திங்கள் காலை திறந்தவுடன் உள்ள முதல் நேரத்தை எடுங்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் இறங்கிவிட்டால், பெஞ்சில் உட்காரவும் இடம் கிடைக்காது. தவிர, குளிர்ந்த காலையில்தான் நீர்மேல் ஆவி நன்றாகத் தெரியும்.

உள்ளே போனதும் மேல் மாடத்தில் ரோமப் பேரரசர்களின் சிலைகள் வரிசையாக நிற்கும். எல்லோரும் அங்கேயே அரை மணி நேரம் படம் எடுப்பார்கள். அவை ரோமானியர் செய்தவை அல்ல. அந்த மாடம் 1897-இல் திறக்கப்பட்டது. நேரத்தைக் கீழே செலவிடுங்கள். லிஃப்ட் இருக்கிறது, மாமா பெரும்பாலான இடங்களுக்குப் போய்விட முடியும். பெரிய குளத்தைச் சுற்றியுள்ள கல்தரைதான் மேடு பள்ளமாக, ஈரமாக இருக்கும். அங்கே யாராவது ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

மகனுக்கு இந்தத் தண்ணீரின் கதையைச் சொல்லுங்கள். தெற்கே மெண்டிப் குன்றுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறை வழியே மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, பூமியின் சூட்டில் வெந்து, பாறைப் பிளவு வழியாக இங்கே மேலே வருகிறது. வெளியே வரும்போது 46 டிகிரி. ஒரு நாளைக்குச் சுமார் 11.7 லட்சம் லிட்டர். பெரிய குளம் 1.6 மீட்டர் ஆழம்; அடியில் ரோமானியர் பதித்த 45 ஈயத் தகடுகள் இன்றும் ஒழுகாமல் நீரைத் தாங்குகின்றன. பச்சை நிறம் பாசியால் வந்தது. அந்தக் காலத்தில் மேலே கூரை இருந்ததால் வெயில் படாது, தண்ணீர் தெளிவாக இருந்திருக்கும். வழிந்த நீரை ஆற்றுக்குக் கொண்டுபோக ரோமானியர் கட்டிய வடிகால் இன்றும் வேலை செய்கிறது. அதில் வீணாகப் போகும் சூட்டை எடுத்துத்தான் இப்போது பக்கத்து ஆபி தேவாலயத்தின் தரையைச் சூடேற்றுகிறார்கள்.

அத்தையை நிறுத்திக் காட்ட வேண்டியது சாபத் தகடுகள். சுமார் 130 கிடைத்திருக்கின்றன. குளிக்கும்போது மேலாடை திருடுபோனவர்கள், கையுறையைப் பறிகொடுத்தவர்கள், திருடியவன் தூக்கமில்லாமல் தவிக்கட்டும், உடல் கெடட்டும் என்று ஈயத் தகட்டில் எழுதி, சுருட்டி, சூலிஸ் மினர்வா தேவியின் ஊற்றில் போட்டிருக்கிறார்கள். நம்மூர் அம்மன் கோயிலில் காசு வெட்டிப் போடுவதை அறிந்தவருக்கு விளக்கவுரையே தேவைப்படாது. அந்தத் தேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலத் தலையும் அங்கேயே இருக்கிறது. 1727-இல் தெருவில் சாக்கடை தோண்டியபோது வெளிப்பட்டது. கடைசியில் ஊற்று நீரைச் சுவைக்கக் கொடுப்பார்கள். சுத்தப்படுத்திய நீர்தான், வெதுவெதுப்பாக இரும்பு வாடை அடிக்கும். 43 வகைத் தாது இருக்கிறது என்பார்கள். மருந்தாக நினைத்துப் பாட்டில் பாட்டிலாகக் குடிக்க வேண்டாம், ஒரு மடக்குப் போதும்.

மேலே ஏறும் பிரச்சினை

ராயல் கிரசென்ட்டைப் பார்க்காமல் வந்தால் பாத் போனதாகவே கணக்கில்லை. ஆனால் அது கிண்ணத்தின் மேல் விளிம்பில் இருக்கிறது. தேவாலயத்திலிருந்து மில்சம் தெரு வழியாக, கே தெரு வழியாக ஏறிப் போவதுதான் எல்லா வரைபடமும் காட்டும் வழி. அதைத் தலைகீழாக்குங்கள். திங்கள் மதியம் சாப்பிட்டு ஓய்வெடுத்து, இரண்டு மணிக்கு டாக்சி பிடித்து நேரே ராயல் கிரசென்ட் வாசலில் இறங்குங்கள். ஐந்து பேர் என்பதால் சாதாரண டாக்சியில் இடம் இருக்காது. பெரிய வண்டி வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து எல்லாமே இறக்கம்.

கிரசென்ட் என்பது ஜான் வுட் என்ற கட்டடக் கலைஞரின் மகன் (அவர் பெயரும் ஜான் வுட்) 1767 முதல் 1774 வரை கட்டியது. பிறை வடிவில் 30 வீடு, 114 தூண். முன்பக்கம் மட்டும்தான் அவர் வடிவமைத்தது. முகப்புக்குப் பின்னால் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டை விருப்பம்போல் கட்டிக்கொண்டார்கள். பின் சந்தில் போய்ப் பார்த்தால் உயரமும் கூரையும் ஒன்றுக்கொன்று சேராமல் கலைந்து கிடக்கும். முன்னழகைவிட அதை ரசிக்கிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி. 22-ஆம் எண் வீட்டின் கதவு மட்டும் மஞ்சள். 1970-களில் வெள்ளை அடிக்கச் சொன்ன நகராட்சியோடு வழக்காடி அந்த வீட்டு அம்மையார் ஜெயித்தார். எதிரே உள்ள புல்வெளியில் மேல் பாதி குடியிருப்பவர்களுக்கு மட்டும். நடுவில் ஒரு பள்ளத்தை மறைவாக வெட்டியிருக்கிறார்கள், மேலிருந்து பார்த்தால் தெரியாது. பையன் ஓடினால் அதில் விழுவான், கவனம். அவன் ஓடி விளையாடக் கீழே ராயல் விக்டோரியா பூங்காவில் பெரிய விளையாட்டிடம் இருக்கிறது. முக்கால் மணி நேரம் அங்கே விட்டால் பிறகு நச்சரிக்க மாட்டான்.

கிரசென்ட்டிலிருந்து பிராக் தெரு வழியே சமதரையில் சில நிமிடம் நடந்தால் சர்க்கஸ் எனும் வட்டத் தெரு. தந்தை ஜான் வுட் திட்டமிட்டு 1754-இல் தொடங்கி, அதே ஆண்டு இறந்துபோனார், மகன் முடித்தார். வட்டமாக மூன்று பிறைகள், நடுவில் மரங்கள், பெஞ்சும் உண்டு. மாமா அங்கே உட்காரட்டும். கூரை விளிம்பில் கல்லால் செய்த ஓக் காய்கள் வரிசையாக இருக்கும். தொழுநோய் பிடித்த பிளாடுட் என்ற இளவரசன் பன்றி மேய்க்கப் போய், சுடுசேற்றில் புரண்ட பன்றிகள் குணமானதைப் பார்த்துத் தானும் புரண்டு குணமாகி இந்த ஊரைக் கட்டினான் என்பது கதை. பன்றிகள் தின்றது ஓக் காய். 14-ஆம் எண் வீட்டுப் பலகையை மாமாவிடம் காட்டுங்கள். சென்னை ஜார்ஜ் கோட்டையில் எழுத்தராகச் சேர்ந்து, 1751-இல் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவ், தன் கடைசி ஆண்டான 1774-இல் இருந்த வீடு. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று மாமாவே பேரனுக்குச் சொல்லிக்கொள்வார்.

அங்கிருந்து பென்னட் தெரு வழியாக அசெம்பிளி ரூம்ஸ் என்ற பழைய நடன மாளிகைப் பக்கம் வந்து, மில்சம் தெருவில் இறங்கினால் பல்ட்னி பாலம். பழைய வழிகாட்டிகளில் அசெம்பிளி ரூம்ஸில் உடை அருங்காட்சியகம் என்று போட்டிருக்கும். 2022-இல் அது அங்கிருந்து காலி செய்துவிட்டது, தேடாதீர்கள். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் பெயரில் கே தெருவில் ஒரு மையம் உண்டு. அவர் சில காலம் அதே தெருவில் குடியிருந்தார், ஆனால் அந்த வீட்டில் அல்ல. ஆர்வமில்லாதவர்களுக்கு அந்தச் செலவு மிச்சம். பல்ட்னி பாலம் 1774-இல் முடிந்தது. இரு பக்கமும் கடைகள் இருப்பதால் மேலே நடப்பவருக்கு ஆற்றின் மேல் நிற்கிறோம் என்பதே தெரியாது. ஆற்றங்கரைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நின்றால்தான் வளைவுகளும் கீழே குதிரைலாட வடிவத் தடுப்பணையும் தெரியும். இந்த நடை முழுவதும் ஒன்றரை கிலோமீட்டருக்குள். உட்கார்ந்து உட்கார்ந்து வந்தால் இரண்டரை மணி நேரம். மழை பெய்திருந்தால் இந்த ஊர்க் கல் பாவிய நடைபாதைகள் வழுக்கும். மாமாவின் கைத்தடி முனையில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள், இரண்டு பவுண்ட் வேலை.

சாப்பாடு

அத்தைக்குச் சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. இங்கே சைவப் பட்டியலில் முட்டை உண்டு. சில பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் விட்டுத் திரிக்கிறார்கள். ஜெல்லியில் எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின். எளிய வழி, வீகன் என்று கேட்பது. முட்டை, ரென்னெட், ஜெலட்டின் மூன்றும் ஒரே சொல்லில் விலகிவிடும். பாலும் தயிரும் வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். பாத் நகரில் வீகன் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். இந்திய உணவகங்கள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் வடநாட்டுப் பாணி.

ஊரின் பெருமையான சாலி லன் பன்னிலும், மேலே சர்க்கரைத் தூவல் போட்ட பாத் பன்னிலும் முட்டை சேரும். அவை அத்தைக்கு இல்லை. மற்றவர்கள் சாப்பிடுவதானால், சாலி லன் பன் ஒருவருக்குப் பாதிதான் தருவார்கள், அதுவே தட்டை நிரப்பும்.

நேரத்தில்தான் சர்க்கரைக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். பல இடங்களில் மதியம் இரண்டரைக்குச் சமையலறையை மூடி, ஐந்தரை ஆறுக்குத்தான் திறப்பார்கள். ஞாயிறு மாலை சில பப்களில் சமையலே இருக்காது. ஆகவே ஞாயிறு இரவுக்கும் திங்கள் மதியத்துக்கும் அபார்ட்மென்டிலேயே சமைத்துவிடுங்கள்: அரிசி, ரசப்பொடி, ஊறுகாய், அப்பளம் வீட்டிலிருந்து, தயிரும் காயும் நகர மையத்து சூப்பர்மார்க்கெட்டில். தாளிக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. மிளகாய் கருகினால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும். பழைய கட்டடங்களில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே மணியாக இருக்கலாம், மொத்தக் கட்டடமும் தெருவுக்கு வந்துவிடும். தாளிப்பை ரெடிங்கிலேயே செய்து சின்ன டப்பாவில் கொண்டுபோவது நல்லது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தின்றால் கடற்புள் கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு போகும். கடல் இல்லாத ஊரில் இத்தனை கடற்புள்ளா என்று பையன் கேட்பான்.

மாத்திரை, இன்சுலின் எல்லாம் தோள்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். பெரியவர்கள் பார்வையாளர் விசாவில் வந்தவர்கள் என்றால் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பது இலவசம், உள்நோயாளியாகச் சேர்த்தால் கட்டணம் கடுமை. பயணக் காப்பீட்டுத் தாளைச் செல்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாத ஆலோசனைக்கு 111, அவசரத்துக்கு 999.

செவ்வாய் காலையை மகனுக்குக் கொடுங்கள். நியூ கிங் தெரு 19-ஆம் எண் வீட்டின் கொல்லைப்புறத்திலிருந்துதான் 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். அவர் பிழைப்பு இசை. ஆக்டகன் என்ற சிற்றாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். தங்கை கரோலினும் உடனிருந்து உழைத்தார். தொலைநோக்கிக்கான கண்ணாடியை வீட்டுக்குள்ளேயே உலோகம் உருக்கி வார்க்கப் பார்த்தபோது அச்சு உடைந்து, கொதிக்கும் உலோகம் தரையில் ஓடி, கல் வெடித்தது. வெடித்த அந்தக் கற்களை இன்றும் பட்டறையில் பார்க்கலாம். வீடு குறுகலானது, படி உண்டு, மாமாவுக்குச் சிரமம். திறக்கும் நாட்களும் மாறும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பையனோடு போகும்போது மற்றவர்கள் ஆபி தேவாலயத்துக்குப் போகட்டும். முகப்பில் ஏணியில் ஏறும் தேவதைகள், உள்ளே விசிறி மாதிரி விரியும் கல்கூரை. உட்கார நிறைய இருக்கை, காலுக்கடியில் இளஞ்சூடு. கோபுரச் சுற்றுக்கு 212 படி. அது உங்கள் கணவருக்கு மட்டும்.

ரயிலுக்கு நேரம் மிச்சமிருந்தால் நிலையத்துக்குப் பின்புறம் ஆற்றைக் கடந்து விட்கோம் பக்கம் போங்கள். 1810-இல் திறந்த கென்னட்-ஏவன் கால்வாய் ஆற்றில் வந்து சேரும் இடம் அது. படகை ஏற்றி இறக்க அங்குள்ள மதகுத் தொட்டி கிட்டத்தட்ட ஆறு மீட்டர் ஆழம். படகு ஒன்று வந்தால் முழுத் தொட்டியும் நிரம்புவதை நின்று பார்க்கலாம், பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கரையில் கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு, மகன் கையை விடாதீர்கள்.

முன்பதிவு வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஞாயிறு ரயில் அறிவிப்பு, அடுத்து தங்குமிடம், அன்றே ரோமன் பாத்ஸ் திங்கள் முதல் நேரம், பிறகு தெர்மே மாலை நேரம், அதன் பிறகு ரயில். திரும்பும் டிக்கெட்டை மட்டும் குறித்த ரயிலுக்கு எடுக்காதீர்கள். சில பவுண்ட் கூடுதலானாலும் ஆஃப்-பீக் டிக்கெட் எடுத்தால், மாமா களைத்துப்போனால் முந்தைய ரயிலில் ஏறிவிடலாம், மதகில் படகு வந்துவிட்டால் அடுத்த ரயிலில் போகலாம். ரயில்கார்டும் டிக்கெட்டும் உங்கள் செல்பேசியில் என்றால் சார்ஜரைத் தோள்பையில் வையுங்கள். பேட்டரி தீர்ந்தது என்ற காரணத்தைப் பரிசோதகர் ஏற்க மாட்டார்.